மூன்றாவது சிலிண்டர்: ஒரு பழைய ஹைலக்ஸ் நடுங்கிய கதை

தைப்பொங்கல் முடிந்த கையோடு முத்தையன்கட்டுப் பக்கமிருந்து ஒரு டபிள் கப் (இரண்டு வரிசை இருக்கையுள்ள பிக்கப்) எங்கள் கராச்சுக்கு வந்தது. ஹைலக்ஸ் எல்.என். 106. உள்ளே 3எல் எஞ்சின்: நான்கு சிலிண்டர், 2,779 சிசி, டர்போ இல்லாத பழைய டீசல். வன்னியில் இந்த வாகனத்தை யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கிரவல் ரோட்டிலும் வாய்க்கால் கரையிலும் நெல்லும் உரமும் கச்சானும் ஏற்றிக்கொண்டு இன்றைக்கும் ஓடுகிறது. இதுவும் ஓடித்தான் வந்தது, ஆனால் வாசலில் நிறுத்தி ஐட்லிங்கில் விட்டபோது பக்கக் கண்ணாடிகள் நடுங்கிய நடுக்கத்தில் பின்னால் நின்ற எங்கள் பெடியன் கண்ணாடியில் இரண்டு பேராகத் தெரிந்தான்.

உரிமையாளர் ஐம்பதைத் தாண்டிய கமக்காரர். இறங்கியதும் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, பம்ப் போயிட்டுதாம்." சிலிண்டர்களுக்கு டீசல் தள்ளுகிற பம்பைத்தான் சொன்னார். இரண்டு மாதமாக அலைந்திருக்கிறார். ஓரிடத்தில் குளிரில் சிலிண்டரைச் சூடாக்குகிற ஹீட்டர் பிளக் நான்கும் மாற்றினார்கள், இன்னோரிடத்தில் டீசல் பில்டர் மாற்றி பம்பைச் சற்றுத் திருப்பி டைமிங் (டீசல் விசிறுகிற நேரம்) கூட்டிவிட்டார்கள், மூன்றாவது இடத்தில் பம்பைக் கழற்றி முழுதாகச் செய்ய வேண்டும், லட்சத்துக்கு மேல் போகும் என்று சொல்லிவிட்டார்கள். மாசியில் அறுவடை. விற்றுவிட்டு வேறொன்று வாங்கலாம் என்றால் அதுவும் எளிதில்லை. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தியவர்கள் தனியார் வாகனத்துக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அந்த ஐந்து வருடத்தில் பழைய கப் ஒன்றின் விலை எங்கே போய் நின்றது என்று வாங்கப் போனவர்களுக்குத் தெரியும். ஆகவே இந்த எஞ்சினைச் சரிப்படுத்துவதுதான் அவருக்கு இருந்த ஒரே வழி, அதையும் கையில் இருக்கிற காசுக்குள் செய்ய வேண்டும்.

நான் பம்பைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. எஞ்சின் சூடாக இருக்கிறபோதே கேட்டுக்கொண்டு நின்றேன். நடுங்குகிற டீசல் எஞ்சினில் முதலில் கேட்டுப் பிரித்தறிய வேண்டியது ஒன்றுதான்: நடுக்கம் ஒழுங்காக வருகிறதா, ஒழுங்கில்லாமல் வருகிறதா. இந்த எஞ்சின் ஐட்லிங்கில் நிமிடத்துக்கு 700 சுற்று அளவில் ஓடும். ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் எரியும், அதாவது நிமிடத்துக்கு 350 தடவை, செக்கனுக்கு ஆறு தடவை அளவில். ஒரே சிலிண்டர் மிஸ் அடித்தால் செக்கனுக்கு ஆறு அடி, ஒரே தாளத்தில், விடாமல் வரும். இந்த வாகனத்தில் அந்தத் தாளம் தெளிவாக இருந்தது. ஆனால் அதற்கு மேல் இன்னொன்றும் இருந்தது. இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை எஞ்சின் தானாகவே இறங்கி, நிற்கப்போவதுபோல் போய், திரும்ப ஏறியது. அதில் தாளம் எதுவும் இல்லை. ஒரே எஞ்சினில் இரண்டு விதமான நடுக்கம் இருந்தால் இரண்டு விதமான காரணம் இருக்கலாம் என்று அப்போதே மனதில் குறித்துக்கொண்டேன்.

சைலன்சர் வாயில் ஒரு தாள் துண்டைப் பிடித்தேன். நல்ல எஞ்சின் தாளைச் சீராக வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இங்கே தாள் படபடத்தது, அதுவும் இடைக்கிடை குழாய் வாயை நோக்கி உள்ளே இழுபட்டது. பெடியனும் அதைப் பார்த்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். நான் அன்றைக்கு இதை வேண்டிய அளவு கவனிக்கவில்லை.

"அண்ணை, வாகனத்தை இரவு இங்கேயே விட்டுட்டுப் போங்கோ, விடியக்காலமை நான்தான் முதல் ஸ்டார்ட் அடிக்க வேணும்" என்று சொல்லி அவரைப் பஸ்ஸில் அனுப்பினேன். டீசல் எஞ்சினின் நோயை ஆறிய எஞ்சின்தான் சொல்லும். கராச்சுக்கு ஓடி வந்த சூட்டோடு பார்த்து முடிவு சொல்வதால்தான் பாதிப் பிழை நடக்கிறது என்று நினைக்கிறேன். தைமாதப் பனியில் எங்கள் பக்கம் காலையில் நல்ல குளிர் இருக்கும், இந்த வேலைக்கு அது வசதி.

விடிய ஆறு மணிக்கு ஸ்டார்ட் அடித்தேன். பிடிக்கவில்லை. பில்டர் தலையில் இருக்கிற கைப்பம்பை இருபது, இருபத்தைந்து தடவை அமத்திய பிறகுதான் அது இறுகியது, அதன் பின் பிடித்தது. இரவில் டீசல் லைனை விட்டு இறங்கிப் போயிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை. பிடித்ததும் வந்த புகை வெள்ளை, கண்ணைக் கரிக்கிற, எரியாத டீசல் மணக்கிற புகை. எஞ்சின் முழுவதும் ஆடியது. ஒரு நிமிடம் ஓடவிட்டு, எக்சோஸ்ட் மனிபோல்டின் நான்கு கிளையிலும் துணியால் தண்ணீர்த் துளி விட்டேன். முதலாவதில் சீறியது, இரண்டாவதில் சீறியது, நான்காவதில் சீறியது. மூன்றாவதில் துளி அப்படியே முத்துப்போல நின்று, மெதுவாக வழிந்து கீழே போனது. அந்தச் சிலிண்டர் குளிரில் எரியவே இல்லை.

ஆனால் நான் உடனே மூன்றாவதில் கை வைக்கவில்லை. முதலில் அந்த ஒழுங்கில்லாத நடுக்கத்தை அகற்ற வேண்டும், அது இருக்கும்வரை மற்றச் சோதனை எதையும் நம்ப முடியாது. பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் இருந்த ரப்பர் குழாயைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு முழம் தெளிவான பிளாஸ்டிக் குழாயைப் போட்டேன். இது மலிவான சாமான், ஆனால் பழைய டீசல் வாகனத்துக்கு இதைவிட நல்ல கருவி என்னிடம் இல்லை. எஞ்சின் ஓடியபோது குழாயில் டீசல் தேநீர் நிறத்தில் போனது, நடுநடுவே சோடாவில் வருவதுபோல் சிறு குமிழிகள், சில வேளை விரற்கடை நீளத்தில் ஒரு பெரிய குமிழி. பெரிய குமிழி பம்புக்குள் போய் ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் எஞ்சின் இறங்கி ஏறியது. அது கண்ணுக்குத் தெரிந்தபடி நடந்தது.

எயர் எடுப்பது தெரிந்தது, எங்கே என்று பார்க்க வேண்டும். ஒரு கேனில் சுத்தமான டீசலை எடுத்து எஞ்சினுக்குக் கீழே தரையில் வைத்து, அதிலிருந்து நேரே பில்டருக்குக் குழாய் கொடுத்தேன். குமிழி நின்றது. ஆகவே பில்டர், கைப்பம்ப், பம்பின் பக்கம் எல்லாம் நல்லது. ஓட்டை தாங்கிக்கும் பில்டருக்கும் இடையில். செசியை ஒட்டித் தடவிக்கொண்டு போனதில் தாங்கிக்குக் கிட்ட ரப்பர் குழாய் இரும்புக் குழாயில் ஏறுகிற இடம் அகப்பட்டது. கிளிப் இல்லை. கட்டுக்கம்பியால் இரண்டு சுற்றுச் சுற்றி, அதன்மேல் சைக்கிள் ரியூப் ரப்பரைக் கட்டியிருந்தார்கள். ரப்பரை அவிழ்த்து, குழாயை நகத்தால் வளைத்துப் பார்த்தால் கம்பி அறுத்த இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. வெளியில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. இதைத்தான் பலர் புரிந்துகொள்வதில்லை: அந்த இடத்தில் பம்ப் உறிஞ்சுகிறது, அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ஒழுக்கு இல்லை என்பதற்காக லைன் நல்லது என்று சொல்ல முடியாது. தாங்கியிலிருந்து பில்டர்வரை இருந்த ரப்பர்த் துண்டுகள் எல்லாவற்றையும் டீசலுக்கென்று வருகிற குழாயால் மாற்றி, ஒழுங்கான கிளிப் போட்டோம். குமிழி போனது, ஏறி இறங்குவதும் போனது. மிஞ்சியது அந்தச் செக்கனுக்கு ஆறு அடி.

இனித்தான் மூன்றாவது சிலிண்டர். எஞ்சினைச் சூடாக்கி, ஐட்லிங்கில் விட்டு, சிலிண்டருக்குள் டீசலை விசிறுகிற நொசிலுக்குப் போகிற இரும்புக் குழாய்களின் நட்டை 17 ஸ்பானரால் ஒவ்வொன்றாகத் தளர்த்தினேன். தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் போகாது. வேலை செய்கிற சிலிண்டர் என்றால் எஞ்சின் சட்டென்று இறங்கும். ஏற்கெனவே வேலை செய்யாத சிலிண்டர் என்றால் எந்த மாற்றமும் இராது. (இதைச் செய்கிறவர்கள் தயவுசெய்து நட்டுக்குமேல் தடித்த துணி போடுங்கள், கையை முன்னால் கொண்டுபோகாதீர்கள், கண்ணுக்குக் கண்ணாடி போடுங்கள். அந்த அமுக்கத்தில் வருகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும், வெளியில் ஊசி குத்தியதுபோல்தான் தெரியும், பிறகு விரலை எடுக்க வேண்டி வரும்.) ஒன்று, இரண்டு, நான்கு ஆகிய மூன்றிலும் எஞ்சின் இறங்கியது. மூன்றாவதைத் தளர்த்தியபோது எதுவும் நடக்கவில்லை.

இந்த இடத்தில்தான் அண்ணைக்குப் பம்ப் கதையை விளக்கினேன். பஸ்ஸில் திரும்ப வந்து பக்கத்தில் நின்றவர், "அப்ப பம்பிலிருந்துதானே மூன்றாவதுக்கு வரேல்லை?" என்று கேட்டார், நியாயமான கேள்வி. இந்த எஞ்சினில் இருப்பது வீ.ஈ. வகை பம்ப். அதற்குள் நான்கு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரேயொரு பிளன்ஜர்தான் இருக்கிறது. அது சுழன்றுகொண்டே முன்னும் பின்னும் போய், ஒன்று, மூன்று, நான்கு, இரண்டு என்ற வரிசையில் ஒவ்வொரு குழாய்க்கும் டீசலைத் தள்ளுகிறது. அந்தப் பிளன்ஜர் தேய்ந்தால் நான்கு சிலிண்டரும் சேர்ந்து நலியும். ஒன்று மட்டும் நலிய வழியில்லை. ஒன்றை மட்டும் பாதிக்கக்கூடியது, அந்தந்தக் குழாயின் அடியில் இருக்கிற டெலிவரி வால்வ். ஆனால் மூன்றாவது நட்டைத் தளர்த்தியபோது மற்ற மூன்றிலும் வந்ததுபோலவே டீசல் துடித்துத் துடித்து வந்தது. பம்ப் தன் வேலையைச் செய்கிறது என்று எனக்கு உறுதியானது. ஒரு சிலிண்டர் மிஸ் அடிக்கிற வீ.ஈ. எஞ்சினுக்குப் பம்பைக் கழற்றச் சொல்வதற்கு முன் யாராவது இந்த ஒரு விசயத்தை யோசித்திருந்தால் அந்த மனிதர் இரண்டு மாதம் நித்திரை இல்லாமல் இருந்திருக்க மாட்டார். எனக்கு இதில் மனவருத்தம்தான்.

பம்பைத் திருப்பிய டைமிங்கையும் பார்த்தேன். பம்பின் விளிம்பிலும் எஞ்சின் பக்கத்திலும் இருக்கிற பழைய கோடுகள் இரண்டு மில்லிமீற்றர் விலகி நின்றன. கோட்டுக்குக் கோடு கொண்டுவந்ததும் தகரத்தில் அடிக்கிற மாதிரி இருந்த அந்தத் தட்டல் சத்தம் குறைந்தது. நடுக்கம் குறையவில்லை.

அப்புறம் நொசில். 3எல்-இல் நொசில்கள் ஹெட்டில் புரியோடு முறுக்கி ஏறுகிறவை, 27 சாக்கெட்டால் கழற்றலாம். முதலாவதையும் மூன்றாவதையும் இடம் மாற்றிப் போட்டேன். இதற்குச் செலவு புதிய வாசர் மட்டும்தான். (பழைய வாசரைத் திரும்பப் போட வேண்டாம், எரிகிற வாயு அதன் வழியாகக் கசிந்து இன்னொரு கோளாறை உண்டாக்கிவிடும்.) திரும்பச் சூடாக்கி நட்டைத் தளர்த்திப் பார்த்தால் இப்போது முதலாவது செத்துப்போயிருந்தது, மூன்றாவது உயிர்பெற்றிருந்தது. கோளாறு நொசிலோடு சேர்ந்து நடந்து போயிருக்கிறது. இதைவிடத் தெளிவான தீர்ப்பு வேண்டாம் என்று நினைத்து, நான்கையும் கழற்றி வவுனியாவில் ஒரு பம்ப் ரூமுக்குக் கொண்டுபோனேன். இந்த வகை நொசில் சதுர சென்ரிமீற்றருக்கு 105க்கும் 125க்கும் இடைப்பட்ட கிலோ அமுக்கத்தில் திறக்க வேண்டும். மூன்று நொசில்கள் 100, 105 என்று அருகில் நின்றன. அந்த ஒன்று 80இலேயே திறந்தது, அதுவும் புகைபோல் விசிறாமல் முனையில் ஒரு சொட்டாகத் தொங்கி விழுந்தது. அதற்குப் புது முனை, நான்குக்கும் 115இல் செட்டிங். திரும்பப் பூட்டி ஓடவிட்டதும் பக்கக் கண்ணாடியில் பெடியன் ஒரு ஆளாகத் தெரிந்தான். அண்ணை கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வாகனத்தைக் கொண்டுபோனார்.

மூன்றாம் நாள் விடியக் காலையில் போன் வந்தது. "தம்பி, சூடானால் பட்டுப்போல ஓடுது. காலமையில மட்டும் பழையபடி வெள்ளைப் புகை, பழையபடி நடுக்கம். ரெண்டு நிமிசம்தான், பிறகு சரியாகுது."

நான் செய்த பிழை அப்போதுதான் விளங்கியது. நொசிலோடு நடந்து போனதை மட்டும் பார்த்தேன், நடக்காமல் அங்கேயே நின்றதைப் பார்க்கவில்லை. நொசிலை இடம் மாற்றிய பிறகு ஒருமுறை ஆறவிட்டு, குளிரில் ஸ்டார்ட் அடித்து, தண்ணீர்த் துளி விட்டுப் பார்த்திருந்தால் மூன்றாவது கிளை அப்போதும் குளிராகவே இருந்திருக்கும். உண்மையில் இன்னொரு அறிகுறி கண்ணெதிரே இருந்தது: இடம் மாற்றிய பின் மூன்றாவது உயிர்பெற்றாலும், அதைத் தளர்த்தியபோது எஞ்சின் இறங்கியது இரண்டிலும் நான்கிலும் இறங்கியதைவிடக் குறைவு. தெரிந்தது, ஆனால் நொசில் பிடிபட்ட மகிழ்ச்சியில் அதை அப்படியே விட்டுவிட்டேன். அண்ணையிடம் இதைச் சொல்லி, வாகனத்தைக் கொண்டுவரச் சொன்னேன், இந்தத் தடவை கூலி இல்லை என்றும் சொன்னேன்.

ஹீட்டர் பிளக் நான்கும் புதிது, அவற்றுக்குக் கரண்ட் ஒழுங்காகப் போகிறது, அது ஒரு நிமிட வேலை. மிஞ்சியது கொம்பிரசன், அதாவது பிஸ்டன் காற்றை நெருக்குகிறபோது வருகிற அமுக்கம். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை 22இல் ஒரு பங்காக நெருக்குகிற நெருக்கலில் வருகிற சூடுதான் டீசலைக் கொளுத்துகிறது. ஒரு சிலிண்டர் கசிந்தால் அந்தச் சூடு குறையும். எஞ்சின் சூடாகிவிட்டால் சிலிண்டர்ச் சுவரின் சூடு கைகொடுக்கும், எரிந்துவிடும். குளிரில் கைகொடுக்க ஒன்றும் இல்லை. அண்ணை சொன்ன இரண்டு நிமிடம் இதுதான்.

ஹீட்டர் பிளக் நான்கையும் கழற்றி, பம்பில் டீசலை நிறுத்துகிற சொலினோயிட்டின் வயரை எடுத்துவிட்டு, பட்டரி நல்ல சார்ஜில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு அளந்தேன். சதுர சென்ரிமீற்றருக்கு முதலாவது 29 கிலோ, இரண்டாவது 28, மூன்றாவது 21, நான்காவது 28. இந்த எஞ்சினுக்கு நல்ல நிலையில் 32, ஆகக் குறைந்தது 20, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 5க்கு மேல் போகக்கூடாது. குறைந்த எல்லையை மட்டும் பார்க்கிறவர் 21ஐக் கண்டு "பாஸ்" என்று விட்டுவிடுவார். ஆனால் வித்தியாசம் 8. முப்பது வருட எஞ்சினில் மூன்று சிலிண்டர் 28இல் நிற்பது சந்தோசமான விசயம், அதனாலேயே பிஸ்டனும் ரிங்கும் இருக்கிற கீழ்ப்பகுதி நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிறது என்று தெரிந்தது.

பக்கத்தில் நின்ற ஒருவர் "ஒரு கரண்டி ஒயில் விட்டுப் பாருங்கோ, ஏறினால் ரிங்" என்றார். ஒயில் விட்டு அமுக்கம் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெற்றோல் எஞ்சினில் அது சரி. இங்கே கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சிலிண்டர் 695 சிசி, 22க்கு ஒன்று என்று நெருக்கினால் மேலே மிஞ்சுகிற இடம் வெறும் 33 சிசி. அதற்குள் ஐந்து சிசி ஒயிலை விட்டால் இடமே ஏழில் ஒரு பங்கு குறைந்துபோகும், ரிங் எப்படி இருந்தாலும் மீற்றர் ஏறத்தான் செய்யும். ரிங்கைக் குற்றம் சாட்டி எஞ்சினை இறக்கிவிடுவோம். டீசலுக்கு அந்தச் சோதனையை நான் செய்வதில்லை.

அதற்குப் பதிலாகக் காற்று. மூன்றாவது பிஸ்டனை நெருக்கல் முடிகிற உச்சத்துக்குக் கொண்டுவந்து, கியரில் போட்டு பிரேக்கும் இழுத்துவிட்டு (இல்லாவிட்டால் காற்று பிஸ்டனைத் தள்ளி எஞ்சினைச் சுழற்றிவிடும்), ஹீட்டர் பிளக் துவாரம் வழியாகக் கொம்பிரசர் காற்றைக் கொடுத்தேன். ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து காது வைத்தால் மெல்லிய மூச்சுத்தான், அது எந்தப் பழைய எஞ்சினிலும் இருக்கும். காற்று வடிகட்டிப் பக்கம் அமைதி. பெடியன் பின்னாலிருந்து கத்தினான், "அண்ணை, இஞ்ச சைலன்சருக்குள்ள பாம்பு சீறுற மாதிரிக் கிடக்கு." மூன்றாவதின் எக்சோஸ்ட் வால்வ். முதல் நாள் பின்னேரம் தாள் துண்டு ஏன் உள்ளே இழுபட்டது என்பதற்கும் இதுதான் விடை: பிஸ்டன் காற்றை உறிஞ்சுகிற நேரத்திலும் அந்த வால்வ் முழுதாக மூடாமல் நின்றதால் சைலன்சர் பக்கமிருந்தும் சேர்த்து உறிஞ்சியிருக்கிறது.

டப்பட் கவரைத் திறந்தோம். ஆறிய எஞ்சினில் கெம்முக்கும் வால்வுக்கும் நடுவில் இன்லெட்டுக்கு 0.20 முதல் 0.30 மில்லிமீற்றர், எக்சோஸ்ட்டுக்கு 0.40 முதல் 0.50 இடைவெளி இருக்க வேண்டும். மற்ற ஏழும் எல்லைக்குள் அல்லது எல்லைக்கு அருகில் இருந்தன. மூன்றாவது எக்சோஸ்ட்டில் மிக மெல்லிய பீலர் தகடுகூட நுழையவில்லை. அந்த இடைவெளியைத் தீர்மானிக்கிற சிம் என்ற தகட்டை விரலால் சுழற்றிப் பார்த்தேன், அசையவில்லை, கெம் அதன்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

எப்படி இப்படி ஆனது? அண்ணையிடம் கேட்டேன். இரண்டு வருடத்துக்கு முன் தண்ணீர் இல்லாமல் சூடேறி, ஹெட் கழற்றி வால்வ் கிரைண்ட் பண்ணினார்களாம். வால்வின் இருக்கையை அரைத்தால் வால்வ் மேலே ஏறும், ஏறினால் இடைவெளி குறையும், குறைந்ததற்கு ஏற்ப மெல்லிய சிம் போட வேண்டும். இந்த எஞ்சினில் திருகி மாற்றுகிற ஸ்குரூ கிடையாது, சிம் மாற்றினால்தான் உண்டு. மூன்றாவது இருக்கை கூடுதலாக எரிந்திருந்ததால் கூடுதலாக அரைத்திருப்பார்கள், பழைய சிம்மையே போட்டு மூடியிருப்பார்கள். மிஞ்சியிருந்த கொஞ்ச இடைவெளியையும் இரண்டு வருட ஓட்டம் தின்றுவிட்டது.

இடைவெளியே இல்லாதபோது எவ்வளவு குறைக்க வேண்டும் என்று கணக்குப் பார்க்க முடியாது. ஆகவே பழைய ஹெட் ஒன்றிலிருந்து கழற்றி வைத்திருந்த 2.30 மில்லிமீற்றர் சிம்மைத் தற்காலிகமாகப் போட்டு அளந்தேன், 0.40 வந்தது. உள்ளே இருந்தது மைக்ரோமீற்றரில் 2.75. அப்படியென்றால் வால்வ் 0.05 மில்லிமீற்றர் எப்போதும் திறந்தே நின்றிருக்கிறது, ஒரு தலைமயிரின் தடிப்புக்கும் குறைவு. இருக்கை இன்னும் கொஞ்சம் பதியும் என்பதால் எல்லையில் நிற்கிற 0.40ஐ விட நடுவில் நிற்கிற 0.45 நல்லது. சிம்கள் 0.05 படிகளில்தான் வரும், 2.25 ஒன்றை எடுப்பித்துப் போட்டேன். சிலர் சிம்மைக் கல்லில் தேய்த்து மெல்லிதாக்குவார்கள், அதன் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது, தேய்த்தால் அந்தக் கடினம் போய்க் கெம்மையும் சேர்த்துத் தின்னும்.

பூட்டிவிட்டு அளந்தபோது மூன்றாவது 25. எனக்கு அது போதவில்லை, வால்வ் விளிம்பு எரிந்திருந்தால் ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும் என்று அண்ணையிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, ஒரு கிழமை ஓடச் சொன்னேன். சில வேளை விளிம்பில் படிந்த கரி ஓட்டத்தில் உதிர்ந்து வால்வ் ஒழுங்காக அமர்ந்துகொள்ளும். கவர் திறந்தபோதே டைமிங் பெல்ட்டையும் மாற்றினோம். அது ஒரு லட்சம் கிலோமீற்றருக்கு மாற்ற வேண்டியது, மீற்றர் எப்போதோ நின்றுபோன வாகனத்தில் எத்தனை ஓடியது என்று யாருக்கும் தெரியாது, அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எல்லாம் போய்விடும். வலதுபக்க எஞ்சின் மவுண்டிங் ரப்பர் ஒயிலில் ஊறித் தட்டையாகிக் கிடந்தது, அதையும் மாற்றினோம்.

நொசில் ஏன் கெட்டது என்பதையும் பார்க்காமல் விட்டால் புது முனையும் அதே வழிதான் போகும். பில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிப் போத்தலில் பிடித்தேன். ஐந்து நிமிடம் வைத்ததும் அடியில் இரண்டு விரல் தடிப்பில் தண்ணீர், அதன் அடியில் துரு. விசாரித்ததில் வீட்டில் ஒரு பீப்பா. 2022இல் டீசலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், கியூ.ஆர். அட்டைக்குக் கிடைத்ததைச் சேர்த்து வைக்கத் தொடங்கிய பழக்கம், லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்துக்கும் தண்ணீர்ப் பம்புக்கும் வாகனத்துக்கும் எல்லாம் அதிலிருந்துதான். பாதி வெறுமையான இரும்புப் பீப்பா வெயிலில் சூடாகி இரவில் ஆறும்போது உள்ளே வியர்க்கும், அந்த வியர்வை அடியில் தங்கும், அடியிலிருந்துதான் குழாய் போட்டு உறிஞ்சுவார்கள். அந்த வருடம் மண்ணெண்ணெயும் கொஞ்சம் கலந்திருக்கிறார். ஆகஸ்ட் மாதம் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340க்கு ஏறும்வரை அது மலிவு. "தடைக்காலத்தில மோட்டார்சைக்கிளே மண்ணெண்ணெயில ஓடின ஊர்தானே தம்பி" என்றார். உண்மைதான், போர்க்காலத்தில் எங்கள் பக்கத்துக்கு எரிபொருள் தடை இருந்தபோது பெற்றோலைத் துளியாகக் காட்டி ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஓடியதை நானும் சிறுவயதில் பார்த்திருக்கிறேன், அப்படி ஓடியிராவிட்டால் எத்தனையோ நோயாளிகள் ஆஸ்பத்திரி போயிருக்க மாட்டார்கள். ஆனால் வீ.ஈ. பம்புக்குத் தனியாக ஒயில் கிடையாது, அதன் உள்பாகங்களுக்கு வழுக்குக் கொடுப்பது டீசல்தான், மண்ணெண்ணெய்க்கு அந்த வழுக்கு இல்லை. பம்ப் தப்பியது அவருடைய நல்ல காலம். பீப்பாவை நிழலுக்கு மாற்றி, உறிஞ்சுகிற குழாயை அடியிலிருந்து ஒரு சாண் உயர்த்திக் கட்டச் சொன்னேன், பில்டர்த் திருகைத் திறக்க அவருடைய மகனுக்குக் காட்டிக்கொடுத்தேன்.

ஒரு கிழமை கழித்து, சொன்ன நாளில் முதல் நாள் பின்னேரமே வாகனத்தைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, இரவு மாங்குளத்தில் உறவினர் வீட்டில் தங்கினார். விடிய ஆறு மணிக்கு நாங்கள் மூவரும் நின்றோம். கைப்பம்பைத் தொடவில்லை. ஹீட்டர் விளக்கு அணைந்ததும் சாவியைத் திருப்பினேன், இரண்டாவது சுற்றிலேயே பிடித்தது. இரண்டு மூன்று செக்கன் ஒரு மெல்லிய வெள்ளைப் புகை, அதோடு சரி. பெடியன் துணியை நனைத்துக்கொண்டு போய் நான்கு கிளையிலும் துளி விட்டான், நான்கும் சீறின. கொம்பிரசன் அளந்தபோது மூன்றாவது 27. அண்ணை பக்கக் கண்ணாடியில் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார், பிறகு "உரம் ஏத்தக் கிடக்கு தம்பி, நான் வாறன்" என்று ஏறினார்.